வாசல்வரை வந்த கெண்டி

என் நாத்தனார் தியே யூமெய்யை வீட்டில் ஸைனபை என்று கூப்பிடுவோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலக்கரிக் கிடங்குக்குப் பின்னால் அவளோடு உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற சிலர் அவளைத் தியே சகோதரி என்கிறார்கள். சீன முஸ்லிம்களான எங்கள் மசூதித் தெருவில் பல வருஷமாக அவளுக்குப் பெயரே கிடையாது. "அந்த வீட்டு மூத்தது" என்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள்.

அவளைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று அளக்கிறார்கள். காசுக்கு மதம் மாறினாள் என்று எங்கள் தெரு சொல்கிறது. பெரிய புனிதவதி என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் சொல்கிறார்கள். காசுக்கு மாறியவள் ஒட்டுப்போட்ட பருத்திச் செருப்போடு பனியில் நடக்க மாட்டாள். புனிதவதிக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்காது. கூடவே இருந்து பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன். நான் அவளுடைய மார்க்கத்துக்காரி இல்லை. இன்றைக்கும் ஐந்து வேளை தொழுகிறவள்தான்.

என் மாமியார்தான் அந்தக் காலத்தில் எங்கள் தெருவின் பெண் மையத்துகளைக் குளிப்பாட்டுவார். ஒரு பெண் செத்துப்போனாள் என்று நாங்கள் சொல்வதில்லை, திரும்பிப் போய்விட்டாள் என்போம். அப்படித் திரும்பிப் போகிறவர்களுக்குக் கடைசித் தண்ணீர் என் மாமியார் கையால்தான். இதற்கு மூன்று பேர் வேண்டும். ஒருத்தி தேய்ப்பாள், ஒருத்தி செம்புக் கெண்டியிலிருந்து ஊற்றுவாள், ஒருத்தி வெளியிலிருந்து நிரம்பிய கெண்டியை எடுத்துக் கொடுப்பாள். ஊற்றுகிற தண்ணீர் தலையிலிருந்து கால்வரை, தேய்க்கிற கையின் பின்னாலேயே அறுபடாமல் போக வேண்டும். என் மாமியாருக்கு ஊற்றுகிறவள் ஸைனபைதான். பாவாடை வயசிலேயே ஆரம்பித்துவிட்டாளாம். அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் அந்த வேலையைச் செய்வதை நான் கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்திருக்கிறேன். பயமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. எனக்கு என் அம்மாவோடு அப்படி ஒன்றும் கிடையாது.

ஒருநாள் கெண்டிகளைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் சொன்னார்.

"எனக்கு நீதான்டி ஊத்தணும். வேற யாரு கையும் எனக்கு ஒத்துக்காது."

"நான் முன்னாடி போயிட்டா?" என்றாள் ஸைனபை.

"போய்த்தான் பாரேன், உதைக்கிறேன்."

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். ஸைனபை அந்தச் சொல்லைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் வயிற்றில் ஒரு கட்டி வந்து, மாகாணத் தலைநகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். அவள் புருஷன் திபெத் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது பிரசவ மாதம். துணைக்கு ஆளே இல்லை. பக்கத்துக் கட்டிலில் பெரும்பான்மை ஹான் இனத்துக் கிழவி ஒருத்தி, கிறிஸ்தவள். அந்தக் கிழவியின் மகள்தான் இவளுக்கும் மலப்பீங்கான் எடுத்து, முகம் துடைத்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஹான் வீட்டுச் சாப்பாட்டை நாங்கள் தொட மாட்டோம் என்று தெரிந்து, எதிர்ச் சாரியில் இருந்த நம்மவர் கடையிலிருந்தே தினமும் வாங்கி வருவாளாம். பையில் கடைப்பெயர் தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டே வார்டுக்குள் நுழைவாளாம். "அந்தப் பையைத்தான் நான் முதல்ல படிச்சேன், அவங்க வேதப் புத்தகம் அப்புறம்தான்" என்று ஸைனபை என்னிடம் சொன்னாள்.

ஊருக்கு வந்து ஒரு வருஷம் கமுக்கமாக இருந்தாள். அடுத்த கோடையில் ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள்? நேராக வீட்டுக்கு வந்து, பேரீச்சங்காய்க்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, மறைக்காமல் சொன்னாள். மாமியார் கத்தவில்லை. எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். மூடி போட்ட எங்கள் வீட்டுக் கோப்பையில் இல்லை. கீழ்த்தட்டில் ஒரு நீலக்கரைக் கிண்ணம் உண்டு. மின்சாரக் கணக்கெடுக்க வருகிற ஹான் ஆளுக்கும், குழாய் ரிப்பேர்க்காரனுக்கும் அதில்தான் கொடுப்போம். அந்தக் கிண்ணத்தில் பெற்ற மகளுக்குத் தேநீர் வைத்தார். ஸைனபை அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தானே கழுவி, கீழ்த்தட்டிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை.

அதன்பின் எல்லாம் வரிசையாக வந்தது. புருஷன் தலாக் சொல்லிவிட்டு வேறு ஊரில் குடித்தனம் போட்டான். அவளுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் பெண்களுக்கு முக்காடு தைத்துக்கொடுத்துத்தான் அவள் பிழைப்பு ஓடியது. ஒருத்தியும் துணி கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர், அவள் கூடப்பிறந்த தம்பி, தையல் மெஷினைத் தூக்கித் தெருவில் போட்டார். தடுக்க வந்தவளை அறைந்தார், உதடு கிழிந்தது. கதவில் சாணி அப்பினார்கள். சந்தையில் அவள் கை வைத்த முள்ளங்கியைத் தனியாக ஒதுக்கிப் போட்டார்கள். வாடகைக்கு விட்டவர்கள் ஒவ்வொருவராகக் காலி பண்ணச் சொன்னார்கள். கடைசியில் பாலம் தாண்டி ஓர் அறை கிடைத்து, நாலு நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினால், அனுமதி வாங்கவில்லை என்று அரசாங்க ஆபீஸ் ஆட்கள் வந்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக் கல்லில் சபைக்கு வருகிற அத்தனை கிழங்களையும் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு துணியைக் கையில் கொடுத்துத் துவைக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டே ஜெபம் நடத்தியிருக்கிறாள். "அன்னிக்குத்தான் எங்க சபை சுத்தமா இருந்துச்சு, ஃபாத்துமை" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஆட்டுக்கறிக் கடைக்குப் பின்னால் நின்று நாங்கள் பேசிக்கொள்வோம். என் வீட்டுக்காரருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

வாரநாட்களில் அவள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே பழி கிடப்பாள். துணைக்கு ஆளில்லாத நோயாளி என்றால் போதும், ஹானா நம்மவளா என்று பார்க்க மாட்டாள். நம்மவர்கள் சிலர் அவளை விரட்டியிருக்கிறார்கள். எங்கள் தெரு ஹாலிமை சித்தி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது மருமகள்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஸைனபைதான் பீங்கான் எடுத்தாள். குணமாகித் தெருவுக்குத் திரும்பிய சித்தி, எதிரே வந்தவளைப் பார்த்துவிட்டு மசூதிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸைனபை என்னவோ, சித்தி ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். இந்த மாதிரி ஆட்களோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது?

சரி, அந்தப் பக்கமாவது அவளைத் தாங்கிக்கொண்டார்களா என்றால், அதுவும் அரைகுறைதான். அவர்கள் விருந்தில் பன்றிக்கறிக் கொழுக்கட்டை இருக்கும். இவள் தன் ரொட்டியை மடியில் முடிந்துகொண்டு போய் ஓரமாகச் சாப்பிடுவாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர், விடுதலை கிடைத்த பிறகும் இன்னும் கட்டுண்டு கிடக்கிறாயே என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் சுடவைத்து, எங்கள் முறைப்படி தலையோடு கால் குளிப்பதையும் அவர்கள் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். ஒரு தடவை நானே கேட்டேன்.

"ஏன் அண்ணி, இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம இது என்ன வேஷம்?"

"வேஷம் இல்ல. எனக்கு இயேசுவைத் தவிர வேற யாரும் இல்ல, அதுல மாத்தமில்ல. ஆனா என்னிக்காவது அம்மாவுக்குத் தண்ணி ஊத்தக் கூப்பிட்டா? வாயும் கையும் சுத்தமில்லன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாரு."

பத்து வருஷத்துக்கு மேல் ஒருத்தி பன்றியைத் தொடாமல், குளிப்பு விடாமல், கூப்பிடாத வீட்டுக்காகத் தன்னைத் தயாராக வைத்திருக்கிறாள். இந்தத் தெருவில் ஆண்டவனுக்காகக்கூட அப்படி இருப்பவர்கள் குறைவு.

போன குளிர்கால முடிவில் மாமியாருக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இனி நாள் கணக்குத்தான் என்று தெரிந்ததும் தெருவே வந்தது. போகிறவர் இருக்கிற எல்லோரிடமும் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும், எங்கள் வழக்கம் அது. என்னைப் பொருந்திக்கொள் என்று அவர் கேட்க, பொருந்திக்கொண்டேன் என்று வந்தவர்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பாரத்தோடு போக வேண்டியதுதான். மாமியார் குழறிக் குழறி ஒவ்வொருவரிடமும் கேட்டார். பால்காரனிடம்கூடக் கேட்டார். எல்லோரும் போன பிறகும் அவர் கண் வாசலைவிட்டு நகரவில்லை. தண்ணீர் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் அஹோங்கைக் கூட்டி வந்தார். அஹோங் எங்கள் மசூதியில் தொழவைப்பவர், சாதுவான மனுஷர். மாறிப்போன மகளிடமும் பொருத்தம் கேட்க வேண்டுமா என்று இவர் கேட்டதற்கு, அஹோங் தாடியைத் தடவிக்கொண்டார்.

"மனுஷங்கிட்ட பட்ட பாக்கியை மனுஷங்கிட்டதான் கேக்கணும். அவ எதை நம்புறாங்கறது வேற கணக்கு. அம்மா கேக்கணும்னு நினைக்கறாங்க, தடுக்காதீங்க" என்றார்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"நீ போய்க் கூட்டிட்டு வா. நான் கடைக்குப் போயிருக்கேன்னு வெச்சுக்கோ."

நான் பாலம் தாண்டி, நிலக்கரிக் கிடங்குக்குப் பின்னால் அவள் புதிதாகப் பிடித்திருந்த அறைக்குப் போனபோது அன்று ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நடந்துகொண்டிருந்தது. என்னைக் கதவில் பார்த்ததும் ஸைனபை வாசிப்பதைப் பாதியில் நிறுத்தி, புத்தகத்தைப் பக்கத்துக் கிழவரிடம் கொடுத்தாள். உடனே என்னோடு கிளம்பி வந்தாள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கெண்டியைக் கொண்டு வரச் சொல்லி, கை கால் முகம் கழுவி, பிறகுதான் உள்ளே வந்தாள்.

மாமியார் அவளையே பார்த்தார். நல்ல கையைத் தூக்க முயன்றார். ஸைனபை அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பொருந்திக்கோ" என்றார் மாமியார்.

"எதுக்கும்மா?"

"கிண்ணத்துக்கு."

இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தேன், ஒருநாளும் மாமியார் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"பொருந்திக்கிட்டேன்மா. அன்னிக்கே பொருந்திக்கிட்டேன். நீங்களும் என்னைப் பொருந்திக்கணும்."

மாமியார் நெடுநேரம் மூச்சு வாங்கினார். "எங்கிட்ட பட்டதெல்லாம் பொருந்திக்கிட்டேன். அது ஒண்ணு மட்டும்... அது எங்கிட்ட இல்ல. அது மேல இருக்கறவன்கிட்ட."

"சரிம்மா."

"தண்ணி நீ ஊத்தக் கூடாது. நம்மவதான் ஊத்தணும். அதை நான் மாத்த முடியாது."

நான் குறுக்கே விழுந்தேன். இவள் பன்றியைத் தொட்டதில்லை, குளிப்பை விட்டதில்லை, எல்லாம் உங்களுக்காகத்தான் என்று படபடவென்று கொட்டினேன். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். "தெரியும். ஹாலிமை சொன்னா" என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்ததை எல்லாம் அந்தக் கிழம் வந்து சொல்லியிருக்கிறது. தெருவில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

"வாசல்வரைக்கும் நீ கொண்டு வந்து குடு" என்றார் மாமியார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ஸைனபை கொடுத்த தண்ணீரை மட்டும் இரண்டு வாய் குடித்தார்.

மறுநாள் மதியத் தொழுகைக்கு, லுஹர் பாங்குக்கு முன்னால் அவர் திரும்பிப் போய்விட்டார்.

உள்ளறையில் பலகை போட்டு, வாசலில் திரை கட்டினோம். மாமியாருக்குப் பிறகு இந்த வேலையை ஏற்றுக்கொண்டது ஹாலிமை சித்திதான். தேய்ப்பது அது, ஊற்றுவது நான். முற்றத்தில் அடுப்பு மூட்டி, மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, இரண்டு கெண்டியை மாற்றி மாற்றி நிரப்புவது ஸைனபை. முதல் கெண்டியோடு அவள் வாசலுக்கு வந்தபோது சித்தி திரையை விலக்கியது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் சித்தி அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது.

"ஒரே ஒரு தடவை கலிமாவைச் சொல்லு, ஸைனபை. மனசுல என்ன இருக்குன்னு நான் கேக்க மாட்டேன். வாயால சொல்லிட்டு உள்ள வா. நீயே ஊத்து. உங்கம்மா அதுக்குத்தானே உன்னைப் பழக்கினா."

சித்தி அதைக் கெடுதலாகச் சொல்லவில்லை. அதன் கண்ணில் தண்ணீர் நின்றது. தன் கடனை அடைக்க அதற்குத் தெரிந்த வழி அதுதான். நான் ஸைனபையின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அல்லாவைத் தவிர நாயன் இல்லை என்று சின்னப் பிள்ளையிலிருந்து சொன்ன சொல்தானே, ஒரு மூச்சு நேரம்கூட ஆகாதே. அவள் கெண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல் வெளுத்துப்போயிற்று. உள்ளே பலகையில் இருந்த அம்மாவின் பாதம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"பொய் சொன்ன வாயோட அம்மா பக்கத்துல நிக்க முடியாது சித்தி" என்றாள். கெண்டியை என்னிடம் நீட்டினாள். "பிடி, ஃபாத்துமை. ஆறிடும்."

வாங்கிக்கொண்டேன். திரை விழுந்தது.

ஆண்டவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி ஆரம்பித்தோம். ஒரு கெண்டி தீருமுன்னே திரைக்கடியில் அடுத்தது வந்துவிடும், ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. இடது பக்கத்துக்கு மாறியபோது வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது, ரொம்ப மெதுவாக.

"கொஞ்சம் தாழப் பிடி. தெறிக்குது."

தாழ்த்திப் பிடித்தேன். தண்ணீர் சத்தமே இல்லாமல் சித்தியின் கைக்குப் பின்னால் போயிற்று. சித்தி தேய்த்துக்கொண்டே அழுதது. நானும் அழுதேன். திரைக்கு வெளியே மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கடைசிவரை தண்ணீர் அறுபடவில்லை.

கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்து, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களில் பெண்கள் அடக்கம் செய்கிற கபுருக்குப் போவதில்லை. வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த மகளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஹாலிமை சித்தி மட்டும் அவள் முதுகில் ஒரு நொடி கை வைத்துவிட்டுப் போனது.

நான் தேநீர் போட்டேன். மாமியாருடைய மூடிக் கோப்பையை எடுத்து வைத்தேன். ஸைனபை குனிந்து கீழ்த்தட்டிலிருந்து நீலக்கரைக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

"இதுலயே ஊத்து."

"அண்ணி, அத்தைதான் அதுக்குப் பொருத்தம் கேட்டுட்டாங்களே."

"கேட்டாங்கல்ல? அதான் இது எனக்கு வேணும்."

குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் என் வீட்டுக்காரர் கபுரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார், தோளில் மண் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் நின்றார்கள். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

இது நடந்து சில மாதமாயிற்று. போன வெள்ளிக்கிழமை நான் பாலம் தாண்டிப் போனேன். கூட்டத்துக்கு இப்போது வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். இரண்டு பேர் செத்துப்போனார்கள், ஒருவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அறையில் அவள் தனியாக இருந்தாள், அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"இன்னும் எதுக்கு அண்ணி இந்தக் குளிப்பு? அத்தைதான் போயிட்டாங்களே, இனிமே யாரு கூப்பிடப்போறா?"

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"யோசிச்சுப் பாத்தேன், ஃபாத்துமை. எங்க சபைக்காரங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. அந்தத் தெருவுல இருந்து யாரும் வர மாட்டாங்க. நான் போறப்ப யாரு ஊத்துவா? அதான், இருக்கறப்பவே சுத்தமா இருந்துக்கறேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிடிவாதக்காரி, கல்நெஞ்சுக்காரி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா என்றெல்லாம் திட்டினேன். கடைசியில், "அதெல்லாம் நான் ஊத்தறேன், போதுமா" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, தாழப் பிடித்து ஊற்ற வேண்டும் என்று ஞாபகப்படுத்தினாள்.

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது எங்கள் வழக்கத்தில் கூடுமா கூடாதா என்று அஹோங்கிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.